கையெழுத்து விழுந்த இடம்

ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு ஜாம்பி படத்தில் மூன்று விநாடி நொண்டி நடந்தவர் வெர்னான். அதற்கே பிட்ஸ்பர்க் ரசிகர் மாநாட்டில் இன்றும் போட்டோவில் கையெழுத்து வாங்க அவர் மேசை முன் வரிசை நிற்கிறது.

“வாம்மா ஐரீன்! வருஷா வருஷம் வந்துடுறே. பொணமா நடந்த கிழவன் மேல அவ்வளவு பிரியமா?”

ஐரீன் சிரிக்கவில்லை. “மேக்கப்புக்கு முன்னால எடுத்த குரூப் போட்டோ ஒண்ணு குடுங்க சார். கையெழுத்து வேண்டாம்.”

“கையெழுத்து இல்லாம என் போட்டோவ எவன் சீந்துவான்?”

“உங்க கையெழுத்து ஒவ்வொரு தடவையும் பக்கத்துல நிக்கிற பொண்ணு முகத்துல விழுது சார். சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிடுவேன்.”

“அவளா? அவளும் ஒரு பொணம்தான். பேருகூட ஞாபகம் இல்ல.”

“லொரெய்ன். எங்கம்மா. நான் பொறந்த அன்னிக்கே செத்துப் போயிட்டாங்க. வீட்டுல இருந்த போட்டோவெல்லாம் தீயில போச்சு. சினிமாவுல முதுகுதான் தெரியுது. அவங்க முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது சார்.”

நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. மிச்சம் மேசை மேலிருந்த இந்தக் கடைசிப் போட்டோக் கட்டுதான். வெர்னான் அதை அவசரமாகப் புரட்டினார்.

வரிசை சீக்கிரம் நகரட்டும் என்று காலையிலேயே, அதே இடத்தில், தடித்த கறுப்பு மையில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.