நட்டவனுக்கு மனசு வராது

டாக்டர் காசிநாதன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் காட்ட, பெரும்பாறை காப்பித் தோட்டத்து மாயன் கிட்ட வந்து பார்த்தான்.

“முழங்காலுக்குக் கீழ புற்றுக்கட்டி, மாயா. அது எலும்பைக் கரைக்குது. கரையிற எலும்புல இருந்து வளர்ச்சிச் சத்து வடியுது. அதைக் குடிச்சே கட்டி இன்னும் வளருது.”

“அப்ப எலும்பே அதுக்கு உரமாங்க?”

“ஆமா. காப்பித் தண்டுல புழு விழுந்தா என்ன செய்வீங்க?”

“செடியவே வேரோட பிடுங்கிருவோம்ங்க. ஆனா நட்டவனுக்கு மனசு வராது. பக்கத்துத் தோட்டக்காரனக் கூப்பிட்டுத்தான் பிடுங்கச் சொல்லுவோம்.”

“அப்ப நீ சொல்லு. காலை எடுத்திரலாமா?”

“யாரு காலா இருந்தாலும் வெரசா எடுத்திருங்கய்யா. ஆளு பொழைக்கணும்.”

டாக்டர் பேனாவைத் திறந்தார். சம்மதப் படிவத்தில் நோயாளி கையெழுத்திடும் இடத்தில், ‘காசிநாதன்’ என்று எழுதினார்.

“இதுக்குத்தாம்ப்பா உன்னை வரச் சொன்னேன்.”