முன் சீட்டில் பலாப்பழம்

என்னிடம் முதலில் தப்பு செய்தவன் என் மூத்த மகன் ஜோனத்தான். அதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் மூன்று நாள் குடும்பத்தோடு இருந்துவிட்டு மாடம்பாக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு கார். ஒன்று ஜோனத்தானுடையது, இன்னொன்று இளையவன் ஜாய்சனுடையது.

மலை இறங்கும்போது ஜோனத்தான் ஒரு பலாப்பழம் வாங்கினான். பதினெட்டு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார வைத்தான்.

"டேய், அது என் எடம்டா."

"பின்னாடி வெச்சா உருண்டு பசங்க மேல விழும்பா. நீங்க உருள மாட்டீங்க இல்ல?"

என்னைக் கடைசி வரிசையில், பெட்டிகளோடு பெட்டியாக ஏற்றினான். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். எதிரே ரோடு தெரியாவிட்டால் எனக்குக் குமட்டும்.

கார் கிளம்பியதும் டிங் டிங் என்று சத்தம். பலாப்பழம் பெல்ட் போடவில்லையாம். மருமகள் ஜென்சி எட்டி அதற்கு பெல்ட் மாட்டிவிட்டாள்.

"இப்ப ஓகேவா?" என்று கேட்டாள். பலாப்பழத்தை.

மதுராந்தகம் தாண்டி ஒரு ஓட்டலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் ஜோனத்தானைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஒரு சாரி சொல்லு. பின்னாடியே உக்காந்து வரேன்."

"பலாப்பழத்துக்கா சாரி?" என்று சிரித்தான். ஜாய்சனும் சேர்ந்து சிரித்தான்.

கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன். எங்கேயாவது மறைவாகப் போய் நின்றுகொள்வேன். யார் தேடி வருகிறார்கள் என்று பார்ப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். அன்றைக்கும் செல்போனை அணைத்துவிட்டு, அங்கே நின்ற ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். என் கண் ஜோனத்தான் மேலேயே இருந்தது.

அவன் டீ குடித்தான். டயரை உதைத்துப் பார்த்தான். காரில் ஏறினான். கிளம்பிவிட்டான்.

பின்னாலேயே ஜாய்சன் காரும் போய்விட்டது.

ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, நானும் யார் என்று காட்டுகிறேன். ஓட்டலில் நின்றிருந்த பஸ் புறப்படும் நேரம், ஓடிப்போய் ஏறினேன். செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயில். தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. லீவு முடிந்து திரும்புகிற கார் எல்லாம் கூடுவாஞ்சேரியில் நகராமல் நிற்பதை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

வீட்டுக்கு முதலில் வந்தவன் நான்தான். எதிர் வீட்டு தனக்கோடியிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணா, நடுவுல குந்திகினு கீறே?"

"கார் உள்ள போகக் கூடாது. அதுக்குத்தான்."

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு காரும் வந்தன. ஜோனத்தான் ஹாரன் அடித்தான். நான் அசையவில்லை.

இறங்கி வந்தான். "அதுக்குள்ள வந்துட்டீங்களா? ஜாய்சன் கார் என் பின்னாடிதானே வந்துச்சு?"

"உன் தம்பி கார்ல நான் எதுக்கு ஏறணும்?"

ஜாய்சன் ஓடி வந்தான். "எங்க கார்ல வரலையே! நீங்க ரெண்டு பேரும் அண்ணன் கார்லன்னு அம்மாதானே சொன்னாங்க?"

"என்கிட்ட உன் கார்லன்னு சொன்னாங்கடா," என்றான் ஜோனத்தான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா எங்கப்பா?"

எனக்குத் தெரியவில்லை.

அணைத்து வைத்திருந்த செல்போனைப் போட்டேன். போட்ட மாத்திரத்தில் அடித்தது. என் மனைவி ஞானம்மாள்.

"ஏங்க, எந்த லாரிக்குப் பின்னாடி நிக்கிறீங்க? எல்லா லாரியும் பாத்துட்டேன். வெளிய வாங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. பசங்கள நானே அனுப்பி வெச்சிட்டேன்."

"நீ எதுக்கு அனுப்பின?"

"அவங்க இருந்தா நீங்க வெளிய வர மாட்டீங்களே. போண்டா வாங்க உள்ள போனேன், திரும்பி வந்தா ஆளக் காணோம். டிரைவர் பக்கத்துல சீட்டு இருக்கிற பஸ்ஸா பாத்து ரெண்டு பேரும் போயிடலாம்னு இருந்தேன். முன்னாடி உக்காந்தா உங்களுக்குக் குமட்டாது. போண்டா வேற ஆறிப்போச்சு. எங்கதான் இருக்கீங்க?"

"வீட்ல."

அந்தப் பக்கம் லாரிகள் போவது கேட்டது.

"அப்ப நான் எந்தக் கார்ல ஏறுனேன்னு நீங்க பாக்கலையா?"

நான் போனை ஜோனத்தானிடம் கொடுத்துவிட்டேன். "அங்கேயே இரும்மா, வரோம்," என்றான் அவன். அவசரமாக பலாப்பழத்தை இறக்கித் தனக்கோடி கையில் கொடுத்துவிட்டு, முன் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்கப்பா."

நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மதுராந்தகம் வரைக்கும் முன் சீட்டு காலியாகவே போயிற்று. திரும்பி வரும்போது அதில் ஞானம்மாள் உட்காரட்டும்.

சாரி மட்டும் ஜோனத்தான் இன்னும் சொல்லவில்லை.