இரண்டு கண்ணி தள்ளி

பாதி பின்னிய கம்பளிக் குல்லாயில் ஒரு நீல வளையம் இருந்தது. பின்னலில் எந்த இடத்தில் நூல் கண்ணிகளைக் குறைக்க வேண்டும் என்று ஊசிக்குக் காட்டுவது அதன் வேலை. ஒருநாள் அதன் கொக்கி கழன்றது. விழப்போன வளையம் அகப்பட்ட கண்ணியைப் பற்றிக்கொண்டது. அது சரியான இடத்திலிருந்து இரண்டு கண்ணி தள்ளி இருந்தது.

“சரியான இடந்தானே?” என்று கேட்டது ஊசி.

“பின்னே, வேறெங்கே?” என்றது வளையம்.

வரிசை ஏற ஏறக் குல்லாய் ஒருபக்கமாகக் கோணியது. இப்போது சொன்னால் எவ்வளவு பிரிக்க வேண்டியிருக்கும் என்று பயந்து வளையம் வாயை மூடிக்கொண்டது. கடைசி வரிசை நெருங்கியபோது அதற்குத் தாங்கவில்லை.

“நான் இடம் மாறி நிற்கிறேன். முதலிலேயே தெரியும்.”

ஊசி கண்ணிகளைவிட்டு வெளியே வந்தது. பதினாலு வரிசை பிரிந்தது.

வளையம் சரியான இடத்துக்குத் திரும்பியது. மறுபடி பின்னத் தொடங்கிய ஊசி, ஒவ்வொரு கண்ணியையும் தானே எண்ணிக்கொண்டு போனது.