திறக்காத நுண்குழாய்கள்

"பெரிய ரத்தக்குழாய்ல இருந்த அடைப்பை எடுத்துட்டோம். ஆனா ரத்தம் நின்னதுமே மூளையில இருக்கிற நுண்குழாய்கள் சுருங்கி இறுகிப் போச்சு. இப்ப ரத்தம் வந்தும் பல குழாய் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார்.

கட்டிலில் கிடந்த கதிரேசனுக்கு எல்லாம் விளங்கியது. வலது கையும் பேச்சும்தான் போயிருந்தன.

"பார்த்ததுமே தூக்கிட்டு ஓடி வந்தேன் டாக்டர்," என்றார் அண்ணன் வேலாயுதம்.

காலையில் கதிரேசன் வாய் கோணித் தரையில் சரிந்தபோது, அறை வாசலில் நின்று பார்த்தவர் அவர்தான். கூடத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். "சம்பந்தி வீட்டுக்காரங்க போகட்டும்டா, பொறுத்துக்க," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனவர், பந்தி முடிந்த பிறகே திரும்பி வந்தார். பரிமாறிக்கொண்டிருந்த கதிரேசனின் மனைவி பூங்கோதைக்கு ஒன்றும் தெரியாது.

அவள் இப்போது வேலாயுதத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க இல்லேன்னா இவரு இல்ல மாமா."

இல்லை என்று கத்தத்தான் கதிரேசன் வாயைத் திறந்தான். நாக்கு புரண்டு வேறொரு சொல் வந்து விழுந்தது.

"ஆமா."

கணவன் பேசிவிட்டான் என்று பூங்கோதை அழுதாள். வேலாயுதம் தம்பியின் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அதை உருவிக்கொள்ளக் கதிரேசனால் முடியவில்லை.