உப்புத் தண்ணீர்

தலைச்சோலையில் பகல் பதினொரு மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்து வந்திருப்பவரைச் செலின்மேரி உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே அவர் உள்ளங்கையை விரிக்கிறார். கட்டைவிரல் அளவு விளக்கு. லைஃப் ஜாக்கெட்டின் தோளில் கட்டியிருப்பது. தண்ணீர் பட்டதும் தானாகவே மின்னி, கடலில் விழுந்த ஆள் இருக்கும் இடத்தைக் காட்டுமாம். "உங்க பையன் அமலன் கடல்ல விழுந்தப்ப போட்டிருந்ததும் இதே பெட்டியில வந்த லைட்டுதாம்மா. நல்லாத்தான் எரிஞ்சிருக்கும். விடியற வரைக்கும் தேடியும் யார் கண்ணுலயும் படல. லைட்டுல குறையில்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

அவள் காகிதத்தைத் தொடவில்லை. விளக்கை வெடுக்கென்று பிடுங்கி வாசலோரத்து அண்டாவில் போடுகிறாள். ஊற்றிலிருந்து நாலு நடையாகத் தூக்கி வந்த குடிதண்ணீர். விளக்கு மிதக்கிறது; எரியவில்லை. "இது கடல் தண்ணிக்குத்தாம்மா. உப்பு வேணும்" என்று அவர் சிரிக்கப் பார்க்கிறார். உள்ளே போய் உப்பு ஜாடியோடு வருகிறாள். இருந்த கல்லுப்பு மொத்தத்தையும் கவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குகிறாள். தண்ணீர் சுழல்கிறது, அதோடு விளக்கும் சுழல்கிறது, செத்த வண்டு மாதிரி. சில்வர் ஓக் மரத்துப் பனி அதன்மேல் சொட்டுகிறது. அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "கொஞ்ச நேரம் ஆகும்மா. நான் கிளம்பறேன்."

ஈரக் கையோடு போய் வேலிப் படலை இழுத்துச் சாத்துகிறாள் செலின்மேரி.

"ஏனுங்க, அதுக்குள்ள என்ன அவசரம்? எம்பட பையன் விடியற வரைக்கும் காத்துக் கெடந்தானுங்க. நீங்களும் இருந்து பாத்துட்டுப் போங்க."