ஓய்வுநாளில் சுத்தியல் சத்தம்

ஓய்வுநாள் ஆராதனை முடிந்து, ஆலயத்தைப் பூட்டிவிட்டு வந்த சபைச் செயலாளருக்குச் சுத்தியல் சத்தம் கேட்டதும் மூக்கு வேர்த்துவிட்டது. நேற்றைய காற்று பிய்த்துப் போட்ட கொத்தனார் வீட்டுத் தகரக் கூரையில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் முதுகைக் காட்டியபடி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"யோவ் கொத்தனாரே, இறங்குய்யா! இன்னிக்கு என்ன நாள்னு தெரியாதா?"

பதிலுக்கு இன்னும் இரண்டு அடிதான் விழுந்தது.

"மழை வந்தா கட்டளை மாறிடுமா? போதகர்கிட்ட சொன்னேன்னா சபையிலேர்ந்து உன் பேரையே எடுத்துடுவார், பார்த்துக்க!"

கூச்சல் கேட்டு, பத்து நாள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வீட்டுக்குள்ளிருந்து வந்தார் கொத்தனார்.

"நான் சுத்தியலைத் தொடவே இல்லீங்க. வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிட்டேன், இவர் கேட்டாத்தானே?"

கூரைமேல் இருந்தவர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுத் திரும்பினார். போதகர்!

"அவன் ஆறு நாளும் உழைச்சவன், ஓய்வு அவனுக்கு. எனக்கு வேலை நாளே இன்னிக்கு ஒண்ணுதானே? தூறல் விழுது, ஏணியைப் பிடிங்க செயலாளரே!"