ராஜா கையில் மஞ்சள் பை

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ராஜா பொய் சொல்கிறான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அந்த வரியின் ஓரத்தில் ஒட்டினேன்.

பனியன் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் செக்கிங் பார்த்தவன் நான். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஒட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை. என் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கொசுகூட ஏற்றுமதி ஆனதில்லை. ஜெர்மனிக்காரன் சட்டை போடுவதற்கு முன் என் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுக்கொள்வதாகக் கேள்வி.

ரிட்டையர் ஆன அன்று கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. ஸ்டிக்கர் ரோல் நானாக எடுத்துக்கொண்டது.

நாவலை அனுப்பியவள் என் மகள் தமிழ்மதி. எழுநூற்றுப் பதினெட்டுப் பக்கம். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்செலும்பு நொறுங்கிவிடும். நெருப்புப் பாம்புகள் பூமிக்கடியில் தூங்கும் ஒரு நாடு. அதற்கு ஒரு ராஜா. பாம்பின் மேல் ஏறிப் பறக்கத் தெரிந்த ஒரு பரதேசியோடு போய்விட்ட அவன் மகள்.

தமிழ்மதி பாம்பில் ஏறிப் போகவில்லை. எங்கள் கம்பெனியிலேயே தைத்துக்கொண்டிருந்த அந்தோணிராஜின் பைக்கில் ஏறிப் போனாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஆறு வருஷம் ஆயிற்று. இப்போது அமராவதி நகரில் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன வருஷம் அவள் அம்மா பூவாத்தாள் காலமான பிறகு, கூரியரில் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். ‘படிச்சுட்டுக் கூப்புடுங்க.’

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவாள், வேறு வேலையே இல்லாதவளைப் போல.

நாவலைப் பற்றி மட்டும்தான் பேச்சு. யாரும் போட்ட சட்டமில்லை. சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறாயா என்று நானும் கேட்டதில்லை. ராஜா சாப்பிட்டானா, இளவரசி நன்றாக இருக்கிறாளா என்பதோடு சரி.

மற்ற ஆறு நாளும் என் வீட்டில் பேசுவது குக்கர் ஒன்றுதான். இப்போதெல்லாம் நானும் பதில் சொல்கிறேன். மூன்று விசிலுக்கு மேல் எதிர்த்துப் பேசினால் அணைத்துவிடுவேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் ஆரம்பித்தாள்.

“ஏனுங்கப்பா, புள்ள போனதும் ராஜா எதுக்குங்க கதவைச் சாத்தச் சொன்னாரு? அத்தனை கோவமா?”

எனக்குப் பயங்கர குஷி. அம்பு ஒட்டிய பக்கமாயிற்றே.

“குளுருதுங்கறான் கண்ணு. நெருப்புப் பாம்பு படுத்திருக்கற ஊர்ல குளுரு எங்கிருந்து வரும்? அழுகறதை ஆளுக்காரனுக பாத்துருவானுகன்னு சாத்தச் சொல்லியிருக்கான், திருட்டுப்பய.”

அவள் அதோடு விடவில்லை.

“அப்ப இன்னொண்ணும் சொல்லுங்க. ராஜா ஒருக்கா மக ஊட்டு கேட்டு வரைக்கும் வர்றாரே, கையில மஞ்சப் பையோட. தாழ்ப்பாள்ல கை வச்சுட்டு அப்படியே திரும்பிப் போயிர்றாரு. அது எதுக்குங்க?”

நான்கு முறை படித்த புத்தகம். என் கண்ணுக்குத் தப்பிய பக்கமா?

தெரியாது என்று சொல்லும் பழக்கம் செக்கிங்கில் கிடையாது. அந்தப் பக்கத்திலும் அம்பு ஒட்டியிருக்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அளந்துவிட்டு போனை வைத்தேன்.

திங்கள், செவ்வாய், புதன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். துணியைப் பிடிப்பதுபோல் ஒவ்வொரு தாளையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

எழுநூற்றுப் பதினெட்டுப் பக்கத்திலும் ராஜா கோட்டையை விட்டு வெளியே வரவே இல்லை. அந்த நாட்டில் குதிரை இருக்கிறது, தேர் இருக்கிறது, மூன்று தலைப் பாம்புகூட இருக்கிறது. மஞ்சள் பை மட்டும் எங்கேயும் இல்லை.

புத்தகத்தை மூடினேன்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது பை. போன மாதத்திலிருந்து அங்கேதான் தொங்குகிறது. உள்ளே கச்சாயம். பூவாத்தாள் சுடுவது மாதிரியே இருக்கவேண்டும் என்று அரிசியை ஊறவைத்து, வெல்லம் காய்ச்சி நானே சுட்டது. இப்போது கல். எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

பல்லடத்தில் ஏறினால் உடுமலை. அங்கே இறங்கி வேறு பஸ் மாறவேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. கூரியர் கவரில் இருந்த விலாசத்தைக் காட்டிக் கேட்டால் யாரும் சொல்வார்கள். மூன்றாவது தெரு, பச்சை கேட்.

போன மாதம் அந்தத் தாழ்ப்பாள் சுட்டது. அதனால்தான் கையை எடுத்தேன்.

திரும்பும்போது ஜன்னலில் திரை அசைந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கேட்டை ஒட்டி ஒரு வேப்பமரம். அதில் ஓர் இலைகூட அசையவில்லை.